“எனக்கு ஏது நிறுவனம்?”

வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

அவர் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்பவர். மருத்துவ அறிக்கை, சொத்துப் பத்திரம், விவாகரத்து மனு என்று பிறருடைய அந்தரங்கக் காகிதங்கள்தாம் நாள் முழுவதும் அவர் திரையில் இருக்கின்றன. யாரோ பயன்படுத்திய மடிக்கணினி ஒன்றை வாங்கியிருக்கிறார். ‘விண்டோஸைச் செயலாக்குங்கள்’ என்ற எழுத்து திரையின் வலது கீழ் மூலையில் ஓயாமல் நின்றிருக்கிறது. கல்லூரியில் முதலாண்டு படிக்கும் அக்கா மகன் இணையத்திலிருந்து ஒரு ஆக்டிவேட்டரை (உரிமம் வாங்காமலே செயலாக்கிவிடும் கருவி) இறக்கி, ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு, அதை ஓட்டியிருக்கிறான். ஐந்து நிமிடத்தில் எழுத்து மறைந்துவிட்டது. ஆபீஸ் மென்பொருளுக்கும் அதே வைத்தியம். வேலை முடிந்ததும் கருவியை அழித்துவிட்டு ஆன்டிவைரஸைத் திரும்ப இயக்கிவிட்டார்கள்.

எட்டு மாதம் நிம்மதியாகப் போயிருக்கிறது. போன வாரம் வாடிக்கையாளர் நிறுவனம் ஒன்று படிவம் அனுப்பியது. ‘என் கணினியில் உள்ள மென்பொருள்கள் அனைத்தும் முறையான உரிமம் பெற்றவை’ என்ற வரியின் கீழ் கையெழுத்துப் போட வேண்டும். அன்றிலிருந்து தூக்கமில்லை என்கிறார். “இது திருட்டா? எல்லோரும்தானே செய்கிறார்கள்? ஆன்டிவைரஸ் கத்துவது நம்மைக் காசு கொடுத்து வாங்கவைக்கத்தானே? இதுவரை ஒன்றும் ஆகவில்லையே, இன்னும் பயப்பட வேண்டுமா? வாடிக்கையாளர்களிடம் நடந்ததைச் சொல்ல வேண்டுமா? பையனைக் குற்றவாளியாக்காமல் இதிலிருந்து வெளியே வர வழி உண்டா?”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை முதலில் நிறுத்தியது ஒரு சின்ன வரி. ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து, அங்கே இருந்ததை எழுதியிருக்கிறீர்கள்: உங்கள் நிறுவனத்தின் செயலாக்கச் சேவை மூலம் விண்டோஸ் செயலாக்கப்பட்டிருக்கிறது. பக்கத்திலேயே “எனக்கு ஏது நிறுவனம்?” என்றும் கேட்டிருக்கிறீர்கள். சரியான கேள்வி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நூற்றுக்கணக்கான கணினிகள் உள்ள அலுவலகத்தில் ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து உரிம எண்ணைத் தட்டிக்கொண்டிருக்க முடியாது. அதற்காக மைக்ரோசாஃப்ட் கேஎம்எஸ் என்ற ஏற்பாட்டை வைத்திருக்கிறது. அலுவலகத்துக்குள்ளேயே ஒரு சர்வர் இருக்கும். மற்ற கணினிகள் அதனிடம் போய் வருகைப்பதிவு செய்துகொள்ளும். குறைந்தது 25 கணினிகள் வந்து கேட்டால்தான் அந்தச் சர்வர் விண்டோஸுக்கு ஒப்புதல் கொடுக்கத் தொடங்கும். கொடுத்த ஒப்புதல் 180 நாள் செல்லும். கணினி ஏழு நாளுக்கொருமுறை அதைப் புதுப்பித்துக்கொள்ளப் பார்க்கும். உங்கள் வீட்டில் ஓட்டிய கருவி அந்தச் சர்வரைப் போல வேஷம் போட்டிருக்கிறது. இல்லாத அலுவலகத்தில், இல்லாத வருகைப்பதிவேட்டில், உங்கள் கணினியின் பெயர் ஏறியிருக்கிறது.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். எட்டு மாதம் என்றால் ஏறக்குறைய 240 நாள். ஒப்புதலோ 180 நாளுக்குத்தான். கருவியை அன்றைக்கே அழித்துவிட்டோம் என்கிறீர்கள். அப்படியானால் இரண்டு மாதத்துக்கு முன்பே அந்த எழுத்து மூலைக்குத் திரும்பி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது: உங்கள் கணினிக்குள் ஏதோ ஒன்று பின்னணியில் ஓடி, தவணை தவறாமல் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. அல்லது உங்கள் கணினி, முகம் தெரியாத யாரோ ஒருவருடைய சர்வரோடு இணையம் வழியாகப் பேசிக்கொண்டிருக்கிறது. மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு. அது காலக்கெடுவை ஒரேயடியாக 2038 ஜனவரி 19 வரை தள்ளிவைத்துவிடும். (ஏன் அந்த நாள் என்றால், 32 பிட் முறையில் நொடிகளை எண்ணும் கணினிக் கடிகாரம் அன்றோடு நிரம்பிவிடுகிறது. இப்படிக் குறும்பு செய்பவர்களுக்கு மூளை இல்லை என்று மட்டும் சொல்ல மாட்டேன்.) அந்த வகையாக இருந்தால் பின்னணியில் எதுவும் ஓடத் தேவையில்லை. எந்த வகை என்று கடிதத்தை வைத்துக்கொண்டு என்னால் சொல்ல முடியாது. நீங்கள் அழித்தது இறக்கிய கோப்பை. அது உள்ளே எதை வைத்துவிட்டுப் போனது என்பது வேறு கணக்கு.

ஆன்டிவைரஸ் பொய் சொல்கிறதா?

உங்கள் சந்தேகத்தில் பாதி நியாயம் இருக்கிறது. விண்டோஸோடு வரும் மைக்ரோசாஃப்டின் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் இத்தகைய கருவிகளுக்கென்றே ‘ஹேக்டூல்’ என்றொரு வகை வைத்திருக்கிறது. உள்ளே நச்சு நிரல் எதுவும் இல்லாத ஆக்டிவேட்டரைக் கண்டாலும் அது கத்தும். ஆகவே ஒவ்வொரு எச்சரிக்கையும் வைரஸ் இருப்பதற்கான சாட்சி என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தப் பாதி நியாயத்தில்தான் மோசடிக்காரன் பிழைக்கிறான். நல்ல கருவிக்கும் கெட்ட கருவிக்கும் ஒரே அலறல் கேட்கிறது. “ஆன்டிவைரஸ் கத்தும், பொருட்படுத்தாதீர்கள், முதலில் அதை நிறுத்துங்கள்” என்ற ஒரே வழிகாட்டிதான் இரண்டுக்கும். அக்கா மகனிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: இறக்கிய சுருக்கக் கோப்பை (ஜிப் போன்றது) திறக்கக் கடவுச்சொல் கேட்டதா? அந்தக் கடவுச்சொல் 1234 என்றோ வேறெதுவோ பக்கத்திலேயே எழுதியிருந்ததா? எல்லோருக்கும் தெரியும்படி எழுதிவைத்த கடவுச்சொல் எந்த மனிதனையும் தடுக்காது. அது தடுப்பது ஆன்டிவைரஸை மட்டும்தான். பூட்டிய கோப்புக்குள் அதனால் எட்டிப் பார்க்க முடியாது.

பூட்டைத் திறந்த பிறகு நடந்ததும் முக்கியம். ‘இந்த நிரல் கணினியில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா?’ என்று விண்டோஸ் கேட்டிருக்கும். அவன் ‘ஆம்’ என்று அழுத்தியிருப்பான். நிர்வாகி உரிமை என்பது கணினியில் உச்ச அதிகாரம். எந்தக் கோப்பையும் படிக்கலாம், எதையும் நிறுவலாம், ஆன்டிவைரஸுக்கே ‘இந்தக் கோப்புறையைப் பார்க்காதே’ என்று விலக்கு எழுதிவைக்கலாம். காவலாளியை வெளியே அனுப்பிவிட்டுச் சாவிக்கொத்தை முன்பின் தெரியாதவனிடம் கொடுத்த நேரம் அது. அந்த ஐந்து நிமிடம் போதும்.

‘கருவி சொன்ன வேலையைச் செய்ததே’ என்பதும் நற்சான்று ஆகாது. 2021 டிசம்பரில் ரெட் கேனரி என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு விஷயத்தை வெளியிட்டது. கேஎம்எஸ்பிகோ என்ற பிரபலமான ஆக்டிவேட்டரின் பெயரில் போலிப் பொதிகள் உலவின. ஓட்டியவர்களுக்கு உண்மையான ஆக்டிவேட்டரும் நிறுவப்பட்டது, கூடவே கிரிப்ட்பாட் என்ற ‘தகவல் திருடி’ வகை நச்சு நிரலும் உட்கார்ந்தது. கேட்டது கிடைத்துவிட்டால் யார் சந்தேகப்படப்போகிறார்கள்? நிரல் வரிகளை வெளிப்படையாக வைத்திருக்கும் ஆக்டிவேட்டர்களும் இருக்கின்றன, அவற்றை விவரம் தெரிந்தவர்கள் வாசித்துப் பார்க்கிறார்கள் என்று அக்கா மகன் வாதிடக்கூடும். உண்மைதான். ஆனால் தேடுபொறியில் தட்டி முதலில் வந்ததை இறக்கியவனுக்கு, அசலைத்தான் இறக்கினோம் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

‘ஒன்றும் ஆகவில்லையே’

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்த வாக்கியம் இதுதான். பழைய வைரஸ்கள் தங்களைத் தாங்களே விளம்பரப்படுத்திக்கொள்ளும். திரை நடுங்கும், கோப்புகள் காணாமல் போகும். தகவல் திருடி அப்படியில்லை. உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், குக்கிகள் (நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்தவர் என்று இணையதளத்துக்குச் சொல்லும் சிறு குறிப்புகள்), சில சமயம் ஒரு திரைப்பிடிப்பு, எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டி அனுப்பிவிடும். அதற்குச் சில நிமிடங்கள் போதும். அவற்றில் பல, வேலை முடிந்ததும் தங்களையே அழித்துக்கொள்ளும். பிறகு ஆன்டிவைரஸ் துருவித் துருவித் தேடினாலும் ஒன்றும் அகப்படாது. மூட்டையோ யாரிடமாவது விலைக்குப் போயிருக்கும்.

நீங்கள் செய்வதைப் போன்ற வேலைக்கு இது எவ்வளவு நெருக்கமானது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. 2021இல் சோபோஸ் நிறுவனம் விவரித்தது. ஐரோப்பாவில் உயிர்மூலக்கூறு ஆய்வு செய்யும் ஒரு நிறுவனம். அதனோடு இணைந்து பணியாற்றிய மாணவர் ஒருவர், அங்கே பயன்படுத்திய தரவு வரைபட மென்பொருளைத் தமக்கும் இலவசமாகப் பெற விரும்பி, உரிமப் பூட்டை உடைத்த ஒரு ‘கிராக்’ பதிப்பைத் தேடி எடுத்தார். டிஃபெண்டர் எச்சரித்தது. அதை நிறுத்தினார், தீயரணையும் நிறுத்தினார். உள்ளே வந்தது ஒரு தகவல் திருடி. 13 நாள் கழித்து, அந்த மாணவருடைய கடவுச்சொல்லோடு வேறு யாரோ ஆய்வு நிறுவனத்தின் வலையமைப்புக்குள் நுழைந்தார்கள். மேலும் 10 நாள் கழித்து கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரியூக் என்ற பணயத்தொகை நிரல் அவிழ்த்துவிடப்பட்டது. கடைசிக் காப்புப்பிரதிகள் முழுமையாக இல்லாததால் ஒரு வாரத்து ஆய்வுத் தரவு போயே போய்விட்டது. அந்த 23 நாளும் மாணவரைக் கேட்டிருந்தால் அவரும் ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்றுதான் சொல்லியிருப்பார்.

உங்கள் கணினியில் இப்படித்தான் நடந்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஒன்றுமே நடக்காமலும் இருக்கலாம். ஆனால் அங்கே இருப்பவை உங்கள் இரகசியங்கள் மட்டுமில்லை. ஒரு பெண்ணின் விவாகரத்து மனு இருக்கிறது, ஒருவருடைய புற்றுநோய் அறிக்கை இருக்கிறது. அவர்கள் யாரும் அந்த ‘ஆம்’ பொத்தானை அழுத்தச் சம்மதிக்கவில்லை.

திருட்டா?

சட்டம் இதைத் திருட்டு என்று பொதுவாக அழைப்பதில்லை, பதிப்புரிமை மீறல் என்கிறது. அறிவுசார் சொத்துரிமை பற்றிய 1994ஆம் ஆண்டின் டிரிப்ஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கை, கணினி நிரல்களை இலக்கியப் படைப்புகளுக்கு நிகராக வைத்துக் காப்பாற்றச் சொல்கிறது. 1996ஆம் ஆண்டின் வைப்போ (உலக அறிவுசார் சொத்து அமைப்பு) பதிப்புரிமை உடன்படிக்கை, படைப்புக்குப் போட்ட தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதற்கு எதிராகவும் சட்டம் வேண்டும் என்கிறது. தண்டனை என்ன, அபராதம் எவ்வளவு என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். நான் கணினிப் பாதுகாப்பு ஆலோசகன், வழக்கறிஞன் அல்ல. இதற்கு மேல் போனால் தப்பாகச் சொல்லிவிடுவேன்.

என் அனுபவத்தில், வீட்டில் படம் பார்க்க ஒரு கணினி வைத்திருப்பவரின் கதவை இதற்காக யாரும் தட்டுவது அரிது. தொழிலுக்குப் பயன்படுத்துபவர் கதை வேறு. நீங்கள் அந்தக் கணினியால் சம்பாதிக்கிறீர்கள். ‘எல்லோரும் செய்கிறார்கள்’ என்பது அங்கே எடுபடாது.

நீதி சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்று கேட்டால், இல்லை. மாணவனாக இருந்தபோது நானும் உரிம எண் உருவாக்கும் நிரல்களை ஓட்டியவன். அவற்றில் சில, கீச்சுக் குரலில் ஓர் இசையையும் வாசிக்கும். எண் கிடைத்த பிறகும் இசைக்காகவே மூடாமல் வைத்திருப்பேன். பின்னணியில் வேறு என்ன வாசித்துக்கொண்டிருந்ததோ!

உரிமம் ஏற்கெனவே உங்களிடம் இருக்கலாம்

நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு விற்கப்பட்ட மடிக்கணினிகளில் உரிம எண்ணைத் தாய்ப்பலகையின் நிலைநிரலிலேயே (firmware) பதித்துவிடுகிறார்கள். வன்தட்டை மாற்றினாலும் அது போகாது. பழைய கணினி விற்பவர்கள் பலர் அதைப் பார்ப்பதே இல்லை. பதிந்திருப்பது பல சமயம் ‘ஹோம்’ பதிப்பின் எண்ணாக இருக்கும். இவர்கள் கையிலிருக்கும் பென்டிரைவிலிருந்து ‘ப்ரோ’ பதிப்பை நிறுவிவிடுவார்கள். எண் பொருந்தாது, மூலையில் எழுத்து வந்து நிற்கும், வாங்கியவர் ஆக்டிவேட்டரைத் தேடுவார். உங்களுக்கு நடந்தது இதுவாக இருந்து, கணினியும் விண்டோஸ் 10 அல்லது 11ஓடு விற்கப்பட்டதாக இருந்தால், சரியான பதிப்பை நிறுவி இணையத்தோடு இணைத்தாலே உரிமம் தானாக ஏறிவிடும். செலவே இல்லை.

பதிந்த எண் இல்லையென்றால் உரிமம் வாங்க வேண்டியதுதான். வாங்கும் முன் உங்கள் கணினி விண்டோஸ் 11ஐத் தாங்குமா என்று பாருங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. நம்ப முடியாத மலிவு விலையில் எண் மட்டும் விற்பவர்களிடம் போகாதீர்கள். அவை பெரும்பாலும் ஏதோ ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுத்த எண்களின் சிதறல். இன்று ஏற்றுக்கொள்ளப்படும், நாளை முடக்கப்படலாம். கணினி ‘செயலாக்கப்பட்டது’ என்று காட்டுவதும் உங்களிடம் உரிமம் இருப்பதும் ஒன்றல்ல.

பணம் சேரும்வரை விண்டோஸைச் செயலாக்காமலே வைத்திருந்தாலும் அது ஓடும். மூலையில் எழுத்து நிற்கும், பின்னணிப் படத்தை மாற்ற விடாது, பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வந்துகொண்டிருக்கும். உரிம நிபந்தனைப்படி அதுவும் நிரந்தரத் தீர்வாகாது. ஆனால் அந்த எழுத்து கண்ணை மட்டும்தான் உறுத்தும்.

ஆபீஸுக்கு இந்தச் சலுகை இல்லை. செயலாக்காவிட்டால் ஒரு கட்டத்தில் படிக்க மட்டும்தான் விடும். லிப்ரேஆபீஸ் இலவசம், திருத்தங்களைத் தடம் காட்டும் வசதியும் அதில் உண்டு. வாடிக்கையாளர் அனுப்பும் சிக்கலான அட்டவணைகள் அதில் சிலசமயம் இடம் பெயர்ந்து நிற்கும், அதை மறைக்க விரும்பவில்லை. அப்படிப்பட்ட கோப்பை மைக்ரோசாஃப்டின் இலவச இணையப் பதிப்பில் சரிபார்க்கலாம். மொழிபெயர்ப்பு நினைவகத்துக்கு (முன்பு மொழிபெயர்த்த வரிகளைச் சேமித்துத் திரும்பத் தரும் வசதி) ஒமேகாடி இருக்கிறது, அதுவும் இலவசம்.

எந்த வரிசையில் செய்வது?

கணினியைச் சுத்தம் செய்வதற்கு முன்பே கடவுச்சொற்களை மாற்றுங்கள். ஆனால் அந்தக் கணினியில் உட்கார்ந்து மாற்றாதீர்கள், புதியதும் உடனே களவு போகலாம். கைப்பேசியில் செய்யுங்கள். முதலில் மின்னஞ்சல், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்குகளையும் திறக்கும் சாவி அதுதான். அடுத்து வங்கி, பிறகு மற்றவை. ஒவ்வொன்றிலும் ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதை அழுத்துங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். குக்கி களவு போயிருந்தால் திருடனுக்குக் கடவுச்சொல்லும் வேண்டாம், கைப்பேசிக்கு வரும் குறியீடும் வேண்டாம். ஏற்கெனவே உள்ளே நுழைந்த ஆளாகவே அவன் நடமாடுவான். மின்னஞ்சல் அமைப்பில் நீங்கள் வைக்காத முன்னனுப்பு முகவரியோ (வரும் அஞ்சலைத் தானாக வேறிடத்துக்கு அனுப்புவது) மீட்பு எண்ணோ இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு நீக்குங்கள்.

பிறகு ஆவணங்களை ஒரு வெளி வன்தட்டில் எடுத்துவையுங்கள். ஆவணங்களை மட்டும், நிறுவல் கோப்பு எதையும் கூட எடுத்துப்போகாதீர்கள்.

மூன்றாவது, நம்பகமான வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்டின் சொந்தத் தளத்திலிருந்து நிறுவல் பென்டிரைவ் தயார் செய்து, வன்தட்டின் பழைய பிரிவுகள் (partitions) அனைத்தையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுங்கள். ‘கோப்புகளை வைத்துக்கொண்டு மீட்டமை’ என்ற சுலப வழி இங்கே போதாது.

படிவமும் பையனும்

இன்றைய நிலையில் அந்தப் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். உரிமமில்லாத மென்பொருள் வைத்திருப்பது ஒரு தவறு. இல்லை என்று எழுதிக் கொடுப்பது உங்கள் கைப்பட இன்னொன்று. இரண்டாவதைத்தான் ஒப்பந்தத்தை முறிக்கவும் இழப்பீடு கேட்கவும் எடுத்துக் காட்டுவார்கள். “கணினியைப் புதிதாக அமைத்துக்கொண்டிருக்கிறேன், பத்து நாளில் அனுப்புகிறேன்” என்று எழுதுங்கள். அது பொய்யும் அல்ல, வழக்கத்துக்கு மாறானதும் அல்ல. வாடிக்கையாளர்களிடம் நடந்ததைச் சொல்ல வேண்டுமா என்று கேட்டீர்கள். கணக்குகளில் அந்நியர் நுழைந்ததற்கான தடயம் ஏதேனும் கிடைத்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த நிலை வந்தால், இரகசியம் காப்பது பற்றி ஒப்பந்தத்தில் உள்ள பகுதியோடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். தடயம் இல்லையென்றால் அந்தப் பகுதியை நீங்களே ஒருமுறை நிதானமாகப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

அக்கா மகன் உங்களுக்கு உதவத்தான் வந்தான். அவனைக் கூண்டில் ஏற்ற வேண்டாம், பக்கத்தில் உட்காரவையுங்கள். 180 நாள் கணக்கை அவனிடம் போட்டுக் காட்டுங்கள். கணினியில் ஆர்வமுள்ள பையனுக்கு அறிவுரையைவிட அந்தக் கணக்கு உறைக்கும். புதிதாக நிறுவும் வேலையை அவன் கையாலேயே செய்யட்டும். ஆனால் அக்கம்பக்கத்தார் நான்கு பேருக்கும் இதையே செய்துகொடுத்து, கைச்செலவுக்குப் பணமும் வாங்கியிருக்கிறான் என்று கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது இன்றோடு நிற்க வேண்டும். அந்த நால்வரில் ஒருவருடைய வங்கிக் கணக்கில் கை வைத்தால் முதலில் நினைவுக்கு வரும் பெயர் அவனுடையதாகத்தான் இருக்கும். உங்களுக்குச் சொன்ன வரிசையை அவர்களுக்கும் அவனே போய்ச் சொல்லட்டும். கூச்சமாகத்தான் இருக்கும்.

எல்லாம் முடிந்ததும் அந்த ஆக்டிவேஷன் பக்கத்தை இன்னொரு முறை திறந்து பாருங்கள். ‘டிஜிட்டல் உரிமம் மூலம் செயலாக்கப்பட்டுள்ளது’ என்ற பொருளில் ஒரு வரி அங்கே இருக்கும், ‘உங்கள் நிறுவனம்’ போயிருக்கும். அந்தப் பக்கத்தை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, படிவத்தை எடுங்கள்.